நெரிசலுக்கு விலை வைத்த கதை

ஊருக்குள் காரில் வருகிறோம், எங்களிடம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மக்கள் தாமாக முன்வந்து கேட்ட நகரம், நான் அறிந்தவரை, எங்கும் இல்லை. நெரிசல் கட்டணம் போன இடமெல்லாம் அழையாமல்தான் போனது. வருவதற்கு முன் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். வந்து சில காலம் ஆனதும் அவற்றில் பல ஊர்களில் பெரும்பாலோர் இருக்கட்டும் என்றார்கள். பொருளாதார அறிஞர்கள் இதைத் தாளில் எழுதி வைத்து நூறாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் ஓர் ஊர் மக்கள் வாக்குச்சீட்டில் அதை ஏற்றுக்கொண்ட நாளைத்தான் அதன் பிறந்தநாள் என்று நான் எண்ணுகிறேன். அது 2006-ல், ஸ்டாக்ஹோமில் நடந்தது.

முதலில் தாளில் இருந்த காலம். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகு 1920-ல் வெளியிட்ட நூலில் இரண்டு சாலைகளை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு கணக்கு போட்டார். நெரிசல் நேரத்தில் சாலையில் ஏறும் ஒருவர் தமக்கு ஆகும் தாமதத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறார். அவர் ஏறியதால் பின்னால் வரும் ஒவ்வொருவருக்கும் சில நொடிகள் கூடுகின்றன. எல்லாருடைய நொடிகளையும் கூட்டினால் அது அவருடைய சொந்தத் தாமதத்தையே மிஞ்சிவிடலாம். அதற்கு அவர் எதுவும் கொடுப்பதில்லை, பின்னால் நிற்பவர்கள் கொடுக்கிறார்கள். அந்தச் சுமையை ஏற்படுத்துபவரே ஏற்கும்படி ஒரு வரி வைத்தால், போகத்தான் வேண்டும் என்பவர்கள் போவார்கள், தள்ளிப்போடக்கூடியவர்கள் தள்ளிப்போடுவார்கள், சாலையும் ஓடும். கணக்கு இவ்வளவுதான்.

இதை வகுப்பறையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவர வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர் வில்லியம் விக்ரி. கனடாவில் 1914-ல் பிறந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரம் தன் சுரங்க ரயில் கட்டணத்தைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, கூட்ட நேரத்துக்கு ஒரு விலை, காலியாக ஓடும் நேரத்துக்கு ஒரு விலை வையுங்கள் என்றார். நகரம் கேட்கவில்லை. 1959-ல் வாஷிங்டன் பகுதியின் போக்குவரத்தை ஆராய்ந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், இதையே சாலைக்கும் செய்யலாம் என்றார். ஒவ்வொரு காரிலும் ஒரு சிறிய மின்னணுக் கருவி, சாலையோரத்தில் அதைப் படிக்கும் இயந்திரம், மாதம் பிறந்தால் தொலைபேசி பில் மாதிரி வீட்டுக்கு ஒரு பில். கணினி ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது இது. கேட்டவர்கள் சிரமம் என்றார்கள், செலவு என்றார்கள். எதிர்ப்பின் வேர் தொழில்நுட்பத்தில் இல்லை, இலவசமாக இருந்த ஒன்றுக்கு விலை வைக்கிறார்களே என்ற மனக்கசப்பில்தான் இருக்கிறது என்பது தெரிய இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

விக்ரியின் ஊரில் அந்த எண்ணம் முதலில் கால் ஊன்றியது சாலையில் அல்ல, விமான ஓடுபாதையில். 1968-ல் நியூயார்க்கின் வானில் விமானங்கள் இறங்க இடமின்றி வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஓடுபாதையில் பாதுகாப்புக்காக ஒரு நேரத்தில் ஒரு விமானத்தைத்தான் விடுவார்கள், முன்னும் பின்னும் இடைவெளி கட்டாயம். நூறு பேரைச் சுமந்துவரும் ஜெட்டுக்கும் இரண்டு பேர் வரும் சொந்த விமானத்துக்கும் ஓடுபாதை ஒதுக்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. மெதுவாக வரும் சிறு விமானம் சில சமயம் கூடுதல் நேரமே பிடித்துக்கொள்ளும். சிறு விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணமோ 5 டாலர்தான். அங்குள்ள துறைமுக ஆணையம் நெரிசல் நேரத்தில் மட்டும் அதை 25 டாலராக உயர்த்தியது. சிறு விமானங்களில் கணிசமானவை வேறு நேரத்துக்கோ வேறு நிலையத்துக்கோ நகர்ந்தன, தாமதம் குறைந்தது. சொந்த விமானம் வைத்திருந்தவர்களின் சங்கம் வழக்குப் போட்டுப் பார்த்தது. 1969-ல் நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்றது. சொந்த விமானக்காரர்கள் சிலரே என்பதால் அந்தச் சண்டை அதோடு முடிந்தது. கார் வைத்திருப்பவர்கள் அப்படிச் சிலர் இல்லை.

கார்காரர்களிடம் முதலில் வாங்கிக் காட்டியது சிங்கப்பூர். இங்கிலாந்தில் ரூபன் ஸ்மீட் தலைமையிலான குழு 1964-லேயே சாலைக்கு விலை வைப்பது முடியும், பயனும் உண்டு என்று அறிக்கை கொடுத்திருந்தது. அந்த அரசு அதைக் கிடப்பில் போட்டது. சிங்கப்பூர் 1975 ஜூன் 2-ஆம் தேதி செய்தே காட்டியது, அதுவும் எந்த மின்னணுக் கருவியும் இல்லாமல். நகர மையத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். காலை 7.30 முதல் 9.30 வரை அதற்குள் வரும் காரின் முன்கண்ணாடியில் ஒரு வில்லை ஒட்டியிருக்க வேண்டும். நாளுக்கு 3 வெள்ளி, மாதத்துக்கு 60 வெள்ளி. அஞ்சலகத்திலும் சாலையோரக் கூண்டிலும் விற்றார்கள். நுழைவாயில்களில் காவலர்கள் நின்று ஒவ்வொரு கண்ணாடியையும் பார்த்து, வில்லை இல்லாத காரின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். நான்கு பேரும் அதற்கு மேலும் சேர்ந்து வந்த கார்களுக்குக் கட்டணம் இல்லை.

காலையில் உள்ளே வரும் வண்டிகள் நூற்றுக்கு 40-க்கும் மேல் குறைந்தன. எதிர்பாராதவையும் நடந்தன. 7.30-க்கு முன்னாலேயே முண்டியடித்து நுழைந்தவர்கள் கூடினார்கள். 9.30 அடிக்கும்வரை கோட்டுக்கு வெளியே காத்திருந்து மொத்தமாக உள்ளே பாய்ந்தார்கள். அதனால் சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். கோட்டுக்கு வெளியே காரை விட்டுவிட்டுப் பேருந்தில் வரட்டும் என்று ஆயிரக்கணக்கில் நிறுத்துமிடங்கள் கட்டியிருந்தார்கள். அவை காற்று வாங்கின. காரை விட்டவர்கள் வீட்டு வாசலிலிருந்தே பேருந்து ஏறினார்கள், பாதி வழியில் மாறிக்கொண்டிருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. காகித வில்லை 1998-ல் போய், வளைவுக் கம்பத்தின் கீழ் கார் போகும்போதே அட்டையிலிருந்து பணத்தைக் கழித்துக்கொள்ளும் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. இன்று சிங்கப்பூர்த் தமிழர்கள் அதை இ.ஆர்.பி. என்று அன்றாடப் பேச்சில் சொல்கிறார்கள்.

சிங்கப்பூர் செய்தது பெரிய காரியம். ஆனால் உலகத்தின் மற்ற நகரங்கள் அதைப் பார்த்துவிட்டு, அங்கே அரசு நினைத்தால் நடக்கும், எங்கள் ஊரில் வாக்குப் போய்விடும் என்று திரும்பிக்கொண்டன. லண்டன் மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரி 17-ஆம் தேதி 5 பவுண்டு கட்டணம் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே மறுபடி வென்றபோது அந்தப் பயம் கொஞ்சம் தெளிந்தது. அப்போதும், கட்டணத்தை வைத்துப் பார்த்த ஊரில் அது வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் மக்களிடம் நேராகக் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

ஸ்டாக்ஹோம் கதை துணிவில் தொடங்கவில்லை. வாக்குத் தவறியதில் தொடங்கியது. 2002 செப்டம்பர் தேர்தலுக்கு முன், நகரின் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவி அன்னிகா பில்ஸ்ட்ரோம், வரும் பதவிக்காலத்தில் கட்டணம் வராது என்று மக்களுக்கு உறுதி சொன்னார். தேர்தல் முடிந்தது. நாட்டில் அவருடைய கட்சி சிறுபான்மை அரசு அமைக்கப் பசுமைக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. ஆதரவுக்கு விலையாகப் பசுமைக் கட்சி கேட்டவற்றில் ஒன்று, ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணம். பேரத்தில் அது ஒரு சோதனையாகச் சுருங்கியது: குறிப்பிட்ட காலம் நடத்திப் பார்ப்பது, பிறகு நிறுத்திவிடுவது, அதன் பிறகு மக்களிடம் வாக்குக் கேட்பது. நகர மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். கட்டணம் நல்லதா கெட்டதா என்பது வேறு, வராது என்று சொல்லிவிட்டுக் கொண்டுவருவது வேறு.

கொண்டுவருவதும் எளிதாக இல்லை. ஸ்வீடன் சட்டப்படி இது கட்டணம் ஆகாது, வரிதான், வரி போடும் உரிமை நாடாளுமன்றத்துக்கே உண்டு என்றாயிற்று. 2004-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. கட்டணம் வசூலிக்கும் ஏற்பாட்டுக்கான ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுத்தது என்பதில் வழக்கு வந்து மாதங்கள் ஓடின. நீளமாகத் திட்டமிட்ட சோதனை கடைசியில் ஏழு மாதமாகக் குறைந்தது: 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை.

அந்த நகரின் நிலவமைப்பு இதற்கு வாகாக இருந்தது. மேலாரன் ஏரி கடலில் கலக்கும் இடத்தில் தீவுகள் மேல் கட்டிய ஊர் அது. நடு நகரத்துக்குள் போக வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு பாலத்தைத் தாண்டியாக வேண்டும். நடு நகரத்தைச் சுற்றி வளையமாக 18 இடங்களில் கண்காணித்தால் போதும், எந்தக் காரும் தப்ப முடியாது. சுங்கச்சாவடி, தடுப்புக் கம்பு எதுவும் வைக்கவில்லை. மேலே கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுத்துக்கொள்ளும், பணத்தை வங்கிக் கணக்கிலிருந்தோ தெருமுனைக் கடையிலோ கட்டிவிடலாம். வார நாட்களில் காலை 6.30 முதல் மாலை 6.30 வரை, நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 குரோனா வாங்கினார்கள். ஒரு நாளில் எத்தனை முறை போய்வந்தாலும் 60 குரோனாவுக்கு மேல் வாங்கவில்லை. லிடிங்கோ தீவில் வாழ்பவர்களுக்கு வெளியுலகத்துக்கு உள்ள சாலை இந்த வளையத்துக்குள்ளாகத்தான் போகிறது. ஆகவே அவர்கள் அரை மணிக்குள் வளையத்தைக் கடந்து வெளியேறிவிட்டால் கட்டணம் கிடையாது. இத்தகைய சிறு நியாயங்களை முன்கூட்டி யோசித்து வைத்திருந்தது பிற்பாடு கைகொடுத்தது.

இன்னொன்றையும் செய்தார்கள். ஆய்வாளர்கள் இன்றும் நன்றி சொல்ல வேண்டிய வேலை அது. கட்டணம் தொடங்க நான்கைந்து மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், ஏறத்தாழ 200 புதிய பேருந்துகளை ஓடவிட்டார்கள். புதிய தடங்களும் திறந்தன. அதனால் எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பேருந்து மட்டும் கூடிய அந்த இலையுதிர் காலத்தில் கார்கள் குறைந்ததாகவே தெரியவில்லை. பேருந்து விட்டால் போதும், கார்காரர்கள் தாமாக இறங்கி வருவார்கள் என்று எல்லா நாட்டிலும் சொல்வார்கள். நானும் நெடுநாள் நம்ப விரும்பிய கருத்து அது. ஸ்டாக்ஹோம் கணக்கு அதை ஒப்பவில்லை. காரைக் குறைத்தது கட்டணம். காரை விட்டவர்களுக்கு ஏறி உட்கார இடம் கொடுத்தது பேருந்து. இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது.

சோதனைக்கு முந்தைய மாதங்களில் நாளிதழ்கள் குழப்பம் வரப்போகிறது என்று எழுதின. கருத்துக்கணிப்பில் ஆதரவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருந்தது. ஜனவரி 3 வந்தது. சாலையில் இடம் இருந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் இருந்தது. வளையத்தைத் தாண்டும் வண்டிகள் நூற்றுக்கு 20-க்கும் மேல் குறைந்தன. கியூவில் கழியும் நேரமோ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஐந்தில் ஒரு வண்டி குறைந்ததற்கு இவ்வளவு பலனா என்று தோன்றும். பள்ளி விடுமுறை விட்ட வாரத்தில் காலையில் சென்னை அண்ணா சாலையில் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சாலை நிரம்பி வழியும் நிலையில், கடைசியாக வந்து சேரும் சில வண்டிகள்தான் எல்லாரையும் நிற்க வைக்கின்றன. அவை வராவிட்டால் மற்றவை ஓடத் தொடங்கிவிடும். நகர மையத்தில் வண்டிப் புகையும் நூற்றுக்கு 14 அளவு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

ஜூலை 31-ல் சொன்னபடியே கட்டணத்தை நிறுத்தினார்கள். அதுவும் ஓர் ஆய்வாக அமைந்தது. மறுநாளே கார்கள் திரும்பி வந்தன. ஏழு மாதம் காலியாக ஓடிய சாலையில் மறுபடி நின்றபோது, தாங்கள் எதை இழந்தோம் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். செப்டம்பர் 17-ஆம் தேதி பொதுத் தேர்தலோடு சேர்த்து நகரத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வெற்று வாக்குகளை நீக்கிப் பார்த்தால் 53 விழுக்காட்டினர் கட்டணம் வேண்டும் என்றார்கள். சுற்றியுள்ள நகராட்சிகள் சில தாமே வாக்கெடுப்பு நடத்தின, அங்கே மொத்தத்தில் வேண்டாம் என்றவர்களே அதிகம். பணம் கொடுப்பவர்கள் நாங்கள், காற்றும் அமைதியும் உங்களுக்கா என்ற அவர்கள் கேள்வியைப் புறந்தள்ள முடியாது. அதே நாளில் பில்ஸ்ட்ரோமின் கட்சி நகரத்திலும் நாட்டிலும் தோற்றது. கட்டணத்தை எதிர்த்துவந்த வலதுசாரிக் கட்சிகள் ஆட்சிக்கு வந்தன. வந்தவர்கள் அதைப் புதைத்துவிடவில்லை. வருமானத்தை வட்டாரத்தின் சாலைப் பணிகளுக்குத் திருப்பிக்கொண்டு, 2007 ஆகஸ்ட் 1 முதல் நிலையாக நடைமுறைப்படுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஆதரவு பத்துப் பேரில் ஏழு பேர் என்ற அளவுக்கு ஏறியது.

மனம் மாறியது எப்படி? ஸ்டாக்ஹோமின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யோனாஸ் எலியாசன், மரியா பொர்யெசன் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துருவினார்கள். பலன் கண்ணுக்குத் தெரிந்ததால் மாறினார்கள் என்பது ஒரு பகுதி விடைதான். காரே ஓட்டாதவர்களிடமும் ஆதரவு கூடியிருந்தது. வந்துவிட்ட ஒன்றை மனம் இயல்பாக எடுத்துக்கொள்கிறது, இனி அதை மாற்றுவதற்குத்தான் காரணம் கேட்கிறது என்பது அவர்கள் கண்ட இன்னொரு பகுதி. என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. கருத்தை மாற்றிக்கொண்டவர்களில் பலருக்குத் தாம் மாற்றிக்கொண்டதே நினைவில் இல்லை. முதலிலிருந்தே ஆதரவுதான் என்றார்கள். பயணத்திலும் அப்படியே. வளையத்தைத் தாண்டிய கார்கள் ஐந்தில் ஒன்று காணாமல் போயிருக்க, நான் பழக்கத்தை மாற்றவில்லை என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை அவர்கள். ஒருவரே தினமும் காரில் போவதுமில்லை, ஒருவரே அடியோடு விடுவதுமில்லை. வாரத்தில் ஒரு நாள் வேறு வழி, இரண்டு வேலையைச் சேர்த்து ஒரே பயணம், வேறு கடை என்று ஆயிரக்கணக்கானோர் சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டார்கள். அது யாருக்கும் தியாகமாகத் தெரியவில்லை.

ஆகவே எப்போது வாக்குக் கேட்கிறோம் என்பது முடிவையே மாற்றிவிடும். எடின்பரோ 2005-ல், எதையும் தொடங்கும் முன்பே மக்களிடம் கேட்டது. நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். மான்செஸ்டர் 2008-ல் அப்படியே கேட்டது, ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு ஊரிலும் திட்டம் அன்றே செத்தது. ஸ்டாக்ஹோமில் 2005-ல் கேட்டிருந்தாலும் அதே கதிதான். அதற்காக அனுபவம் எல்லாரையும் மாற்றிவிடும் என்று சொல்லவும் கூடாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் 2013 ஜனவரியில் கட்டணத்தைத் தொடங்கி, 2014 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது. அங்கே 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். பெரிதாக நெரிசல் இல்லாத ஊர் அது, வாங்கிய பணம் பலர் விரும்பாத ரயில் சுரங்கம் உள்ளிட்ட திட்டத்துக்குப் போனது. அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் கட்டணம் நீடிக்கிறது. மக்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு நீடிக்கும் ஒன்றை ஸ்டாக்ஹோமோடு சேர்த்து வெற்றிக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

விக்ரி இவற்றில் ஸ்டாக்ஹோம், லண்டன் எதையும் பார்க்கவில்லை. 1996 அக்டோபர் 8-ஆம் தேதி அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில், 82 வயதில், ஒரு மாநாட்டுக்குக் காரில் போகும் வழியில் இறந்தார். அவருடைய நியூயார்க் அதன் பிறகும் இழுத்தடித்தது. மேயர் புளூம்பர்க்கின் திட்டம் 2008-ல் மாநில சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. 2019-ல் சட்டம் வந்தது. 2024 ஜூன் 30-ல் தொடங்க எல்லாம் ஆயத்தமாக இருக்க, சில வாரங்களுக்கு முன் ஆளுநர் கேத்தி ஹோக்கல் நிறுத்திவைத்தார். 15 டாலர் என்றிருந்ததை 9 டாலராகக் குறைத்து, 2025 ஜனவரி 5-ஆம் தேதி மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே தொடங்கினார்கள். மத்திய அரசு அனுமதியைத் திரும்பப் பெற முயன்றது, நீதிமன்றம் தடுத்ததால் கட்டணம் தொடர்ந்தது. உள்ளே வரும் வண்டிகள் பத்தில் ஒன்று அளவுக்குக் குறைந்தன, கருத்துக்கணிப்புகளில் ஆதரவும் ஏறியது.

நியூயார்க்கில் ஏழு மாதச் சோதனையும் இல்லை, நிறுத்திப் பார்த்த நாளும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. அங்கே மக்களின் மனத்தைத் தீர்மானிக்கப்போவது பணம் போகும் இடம். இந்த வருமானத்தை நம்பி 1,500 கோடி டாலர் திரட்டி, சுரங்க ரயிலுக்குப் புதிய சிக்னல்களும் நிலையங்களுக்கு லிஃப்டுகளும் அமைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டணமோ 2028-ல் 12 டாலர், 2031-ல் 15 டாலர் என்று உயர இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் 2016-ல் கட்டணத்தை ஏற்றியபோது ஆதரவு சற்று இறங்கியது. அந்த அனுபவத்தை மறக்காமல், ஒவ்வொரு உயர்வும் வரும் முன் அந்த லிஃப்டுகள் ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.